குப்பைத் தொட்டிக்குள் ஓர் ஆட்டம்

என் மாமியார் சொன்ன சொல் தவறாதவள். எங்கள் வீட்டில் பாதிப் பிரச்சினை அதனால்தான் வருகிறது. மற்றவர்கள் கோபத்தில் எதையாவது சொல்வார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். அத்தைக்கு அந்த வசதி கிடையாது. வாயிலிருந்து வந்துவிட்டால் அது சட்டம். அப்புறம் அந்தச் சட்டத்தை மீறாமல் எந்தப் பக்கமாக வளைந்து போகலாம் என்று வருஷக்கணக்காக யோசித்துக்கொண்டிருப்பாள்.

நானும் என் கணவரும் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறோம். ஊரார் மெஷினெல்லாம் சொன்ன நேரத்துக்குச் சரியாகிப் போகும். அத்தையின் மெஷின் மட்டும் ஆன் ஆவதற்குள் ஒரு மூட்டைத் துணியை மடித்து வைத்துவிடலாம். "கடை வாசல்ல போர்டு மட்டும் பெருசா இருக்கு" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு புதன்கிழமை அவளுடைய மெஷினைக் கடைக்குத் தூக்கிவந்து, பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு வேகமான புது டிஸ்க்கைப் போட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்ஸ்டால் செய்தேன்.

வேலையில் நான் குறை வைப்பதில்லை. இதை யார் முன்னாலும் சொல்வேன். அத்தையின் மெயில்கள் எல்லாம் அந்த மெஷினுக்குள்தான் இருந்தன. செர்வரில் இடம் போதவில்லை என்று, மெயில் இறங்கியதும் அங்கே அழிந்துவிடும்படி எப்போதோ நான்தான் அமைத்திருந்தேன். அதனால் பேக்கப் எடுக்கும்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். வந்தவை, அனுப்பியவை, அப்புறம் காப்பகம். அந்தக் காப்பகத்துக்குள் அவள் அடுக்கி வைத்திருந்த குட்டி ஃபோல்டர்கள்: கரண்ட் பில், இன்ஷூரன்ஸ், பல் டாக்டர், குடியிருப்போர் சங்கம், குடியிருப்போர் சங்கத்தோடு சண்டை. கடைசி இரண்டும் தனித்தனி. ஒன்றைக்கூட விடவில்லை. ஆரம்பிப்பதற்கு முன்னால் குப்பைத் தொட்டியை மட்டும் காலி செய்தேன். யார் மெஷினாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். குப்பையைக் கட்டி எடுத்துக்கொண்டு யாராவது புது வீட்டுக்குப் போவார்களா?

சாயங்காலம் வீட்டில் மெஷினை மாட்டி ஆன் செய்து காட்டினேன். அத்தை கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் திரை வந்துவிட்டது. "பரவாயில்ல" என்றாள். அவள் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. நான் அன்றைக்கு இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்ட மாதிரி நிறைவாகப் படுத்தேன்.

மறுநாள் காலை கடையில் விளக்கைப் போடுவதற்குள் போன் வந்தது.

"குப்பை எங்க?" என்றாள் அத்தை.

"ஏன், வண்டி வரலையா இன்னிக்கு?"

"தெருக் குப்பை இல்ல. என் கம்ப்யூட்டர்ல இருந்த குப்பை."

"அதைக் காலி பண்ணிட்டேனே அத்தை. மெஷின் இப்ப படுசுத்தம்."

அத்தை குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நீ கொஞ்சம் வீட்டுக்கு வா. தனியா வா."

அத்தை குரலை உயர்த்தினால் எனக்குப் பயமில்லை, பழக்கம்தான். குரலைத் தாழ்த்தினால்தான் விஷயம் பெரிது என்று அர்த்தம். கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு ஓடினேன்.

அவள் அறையில் கட்டிலின் மேல் செஸ் போர்டு விரித்திருந்தது. காய்கள் பாதி ஆட்டத்தில் நின்றன. அந்த மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து கட்டையில் கட்டை தட்டும் சத்தம் அவ்வப்போது கேட்கும். பீரோவைச் சரிசெய்கிறாள் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன்.

"கதவைச் சாத்து" என்றாள். சாத்தினேன். "நான் சொல்றத உன் புருஷன்கிட்ட சொல்லக்கூடாது."

"சரி."

"நான் என் தங்கச்சியோட செஸ் ஆடிட்டிருக்கேன்."

என் கணவரின் சித்தியான அந்தத் தங்கையும் அத்தையும் பேசிக்கொள்வதில்லை என்பது எங்கள் வீட்டில் சுவரைப் போல நிலையான சங்கதி. எங்கள் கல்யாணத்துக்கு மறுநாள் நடந்த சண்டை அது. கூட்டமெல்லாம் கிளம்பிய பிறகு அக்காவும் தங்கையும் செஸ் ஆட உட்கார்ந்தார்கள். சின்ன வயதிலிருந்தே இரண்டு பேருக்கும் அதில் பைத்தியம். நடுவில் யாரையோ வழியனுப்ப அத்தை எழுந்து போனாள். திரும்பி வந்து பார்த்தால், தன்னுடைய சிப்பாய் ஒன்று வைத்த இடத்தில் இல்லை என்றாள். சித்தி தொடவில்லை என்றாள். "நான் எழுந்து போனதும் நகர்த்திட்டே" என்றாள் அத்தை, அத்தனை பேர் முன்னால். சித்தி அன்றைக்கே பெட்டியை எடுத்துக்கொண்டு அழுதபடி ஊருக்குப் போய்விட்டாள். "இனிமே அவகிட்டேருந்து எது வந்தாலும் நேரா குப்பைக்குத்தான்" என்று அத்தை அறிவித்தாள். புது மருமகளான என்னைக் கூப்பிட்டு, சித்தி அனுப்பும் மெயில்கள் தானாகவே குப்பைத் தொட்டிக்குப் போகும்படி அமைக்கச் சொன்னாள். நல்ல பெயர் வாங்கும் ஆசையில் நானும் செய்து கொடுத்தேன்.

"கொஞ்ச நாள் கழிச்சு அவ ஒரு மெயில் அனுப்பினா" என்றாள் அத்தை. "ஒரே வரி. ராஜாவுக்கு முன்னாடி இருக்கற சிப்பாய், ரெண்டு கட்டம். அவ்வளவுதான். ஆட்டத்த ஆரம்பிக்கறா."

"குப்பையில போய்ப் படிச்சீங்களா?"

"குப்பைக்குப் போகணும்னுதான் சொன்னேன். படிக்க மாட்டேன்னு சொல்லலையே."

அன்றிலிருந்து நடக்கிறது. ஒரு மெயிலுக்கு ஒரு நகர்த்தல். நலமா என்று ஒரு வார்த்தை கிடையாது. அத்தை தினமும் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்ப்பாள். சித்தியின் மெயில்களுக்கு அதற்குள்ளேயே ஒரு குட்டி ஃபோல்டர் போட்டு, அதற்கு 'அவள்' என்று பெயர் வைத்து, ஒவ்வொன்றையும் அதில் சேர்த்தாள். நகர்த்தலை முடிவு செய்ய வேண்டுமானால் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த ஆட்டத்தின் முதல் மெயிலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக் காய்களை வைப்பாள். முடிந்ததும் போர்டு பீரோவுக்குள் போய்விடும். உலகத்தில் எல்லோரும் முக்கியமான மெயிலைக் காப்பகத்தில் வைப்பார்கள். பல் டாக்டரைக் காப்பகத்தில் வைத்துவிட்டுத் தங்கையைக் குப்பையில் வைத்துப் பாதுகாக்க என் மாமியாரால்தான் முடியும்.

அந்த ஃபோல்டரைத்தான் நான் ஒரே தட்டில் காலி செய்திருக்கிறேன்.

"நீங்க அனுப்பினதெல்லாம் இருக்கே அத்தை. பதில் அனுப்பும்போது கீழே அவங்க மெயிலும் ஒட்டிக்கிட்டு வந்திருக்குமே."

"நான் அவளுக்குப் பதில் போடறதில்ல. ஒவ்வொரு தடவையும் புது மெயில்தான். என் ஆட்டத்த நான் ஆடறேன், அவ்வளவுதான்."

தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் தவறு என் பக்கம் இருந்ததால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

தான் அனுப்பிய நகர்த்தல்களை வைத்து அத்தை காலையிலிருந்து ஆட்டத்தை மறுபடி கட்டியிருந்தாள். ஏறக்குறைய எல்லாம் வந்துவிட்டது. ஒரே ஒரு இடத்தில் இடித்தது.

"இங்க பாரு" என்று காட்டினாள். "அவ ராஜா மூலையில இருக்கான். முன்னாடி மூணு சிப்பாய் தோளோட தோள் நிக்கறாங்க. நல்ல காவல்தான், ஆனா ராஜாவுக்கு வெளிய போக வழியில்ல. நான் என் ராணியைப் பலி குடுத்தா, கடைசி வரிசையில காவல் நிக்கற அவ யானை அங்கேருந்து விலகியே ஆகணும். அப்ப என் யானை கடைசி வரிசைக்கு எறங்கும். ஆட்டம் முடிஞ்சுது. ஆனா போன வாரம் அவ ஏதோ சின்னதா ஒண்ணு நகர்த்தினா. இந்த ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாளா, இல்ல அந்தப் பக்கம் யானையை ஒரு கட்டம் நகர்த்தினாளா, ஞாபகம் வரல. சிப்பாயைத் தள்ளியிருந்தா ராஜாவுக்கு ஒரு ஜன்னல் இருக்கு. தப்பிச்சுடுவான். என் ராணி போனது போனதுதான்."

"நீங்க ஜெயிச்சு எவ்வளவு நாளாச்சு?"

அவள் ஒரு குதிரையை எடுத்துத் தூசியே இல்லாத இடத்தில் துடைத்தாள். "மெயில்ல ஆட ஆரம்பிச்சதுலேருந்து ஜெயிச்சதே இல்ல. டிரா பண்ணியிருக்கேன். ஜெயிக்கப்போறது இதுதான் மொத தடவை. ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள நான் ஆடலைன்னா ஆட்டம் அவளுக்கு."

"அது யார் போட்ட ரூல்?"

"நான்தான்."

எனக்கு அவள்மேல் எரிச்சல், பரிதாபம் எல்லாம் சேர்ந்து வந்தது. "அத்தை, எந்த மெயிலும் ரெண்டு இடத்துல இருக்கும். உங்ககிட்ட போனது சித்திகிட்ட பத்திரமா இருக்கும். ஒரு போன் போட்டுக் கேட்டா முடிஞ்சுது."

"கேட்டா அவளுக்கு எது சௌகரியமோ அதத்தான் சொல்லுவா" என்றாள் அத்தை. "அதுக்காகத்தானே மெயில். எழுத்துல இருந்தா நான் எழுந்து போனாலும் காய் நகராது. அந்த ஃபோல்டர் இல்லாம அவ வாய்ச்சொல்ல நம்பி நான் எப்படி ஆடறது?"

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஆட்டம் பாதிதான். அந்த ஃபோல்டர் அவளுக்குச் சாட்சி. சாட்சி இருந்தவரை தங்கையோடு ஆட முடிந்தது. அதைத்தான் நான் துடைத்துப் போட்டிருக்கிறேன்.

நம்பிக்கை முழுசாகப் போய்விடவில்லை. டிஸ்க்கில் ஒன்றை அழித்தால் அது உடனே மறைந்துவிடுவதில்லை. பெயரை மட்டும் எடுத்துவிடுவார்கள், சரக்கு இருந்த இடத்திலேயே கிடக்கும். அதன் மேல் வேறு எதையாவது எழுதினால்தான் போகும். பழைய டிஸ்க்கைக் கழற்றிக் கடை மேஜையின் இழுப்பறையில் வைத்திருந்தேன். அதிலிருந்து மீட்டுவிடலாம் என்று அத்தையிடம் தைரியம் சொல்லிவிட்டுக் கடைக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். காலி.

"இங்க ஒரு டிஸ்க் வெச்சிருந்தேனே?"

"அதுவா? லாண்டரிக்காரர் கடை வாசல் கேமராவுக்கு டிஸ்க் கேட்டாரு" என்றார் என் கணவர். "சும்மா கிடக்கேன்னு நேத்து சாயங்காலம் அதைத்தான் மாட்டிட்டு வந்தேன்."

நான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டார். கேமராப் பெட்டி என்பது விடிய விடிய படத்தை எழுதிக்கொண்டே இருக்கும் ஜந்து. லாண்டரி வாசலில் யார் யார் எந்தச் சட்டையோடு வந்தார்கள் என்பது நேற்றிலிருந்து சித்தியின் நகர்த்தல்கள் மேல் ஏறிக்கொண்டிருந்தது.

"அதுல என்ன இருந்துது?"

"உங்க அம்மாவோட குப்பை" என்றேன். பொய் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் அவர் என்னோடு ஓடி வந்தார். அந்த ஒரு குணத்துக்காகத்தான் இந்த மனுஷரைச் சகித்துக்கொண்டிருக்கிறேன்.

தெருக்கோடி லாண்டரியில் நீராவிக்கு நடுவே, பெட்டியின் ஒயரை முதலில் பிடுங்கினேன். அப்புறம்தான் பேசவே ஆரம்பித்தேன். லாண்டரிக்காரர் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"ஒரு நாள் இல்லாம விட்டா, அன்னிக்குப் பாத்து எவனாவது கோட்டைத் தூக்கிட்டுப் போயிடுவான்."

"இதைவிட நல்ல டிஸ்க் ஒண்ணு இப்பவே போட்டுத் தரோம். தூக்கறவன் மூக்கு மச்சம்கூடத் தெரியும்."

"அப்ப நேத்து எதுக்கு மச்சம் தெரியாத டிஸ்க்கைப் போட்டீங்க?" என்றார் அவர். நியாயமான கேள்வி. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

டிஸ்க்கைக் கடைக்குக் கொண்டுவந்து, அதன் மேல் ஒரு எழுத்துகூட விழாதபடி தனியாக மாட்டி, முதலில் அதை அப்படியே ஒரு நகல் எடுத்தேன். பிறகு நகலில் மீட்பு புரோகிராமை ஓடவிட்டேன். அது மேலோட்டமாகப் பார்த்துவிட்டு எதுவும் இல்லை என்றது. ஆழமாகத் தேடச் சொன்னேன். டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் முகர்ந்து பார்க்கும் வேலை அது, அவசரப்படுத்த முடியாது. சனிக்கிழமை வரை ஆகும் என்று காட்டியது. லாண்டரிக்கு ஒரே கேமராதான் என்பதும், பெட்டி டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வரும் என்பதும்தான் என்னுடைய மொத்த நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை பகலில் அத்தை கடைக்கு வந்தாள். திறப்பு விழா அன்றைக்கு வந்தவள், அப்புறம் இப்போதுதான் வருகிறாள். கணவரை எதையோ வாங்கிவரச் சொல்லி நான் வெளியே அனுப்பினேன். அவள் வாடிக்கையாளர் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எதாவது கெடச்சுதா?"

"துண்டு துண்டா வருது அத்தை. இன்னும் பாதிகூட ஆகல."

திரையில் வருவதையெல்லாம் அவளுக்குக் காட்டினேன். பாதித் தலையோடு லாண்டரிக்கு வந்த ஒருவர். சங்கத்துக்கு அத்தை எழுதிய பழைய கடுதாசியின் வால். ஏதோ விளம்பரம். இடையிடையே சித்தியின் மெயில்கள், தேதியும் வரிசையும் கலைந்துபோய், தலைப்பும் குறியீடுகளும் மொய்க்க, நடுவில் ஒற்றை வரி. குதிரை உள்ளே. சிப்பாய் வெட்டு. ராஜா ஒரு கட்டம். எல்லாம் பழைய ஆட்டங்கள். இப்போதைய ஆட்டத்தின் மெயில் ஒன்றுகூட இன்னும் வரவில்லை. அத்தை ஒவ்வொன்றையும் படித்து, "இது அவ என் ராணியைப் பிடிச்ச ஆட்டம்" என்றும், "இதுல நான் ரொம்ப நேரம் தாக்குப்பிடிச்சேன்" என்றும் சொல்லிக்கொண்டு வந்தாள். தோற்ற ஆட்டங்களை அவ்வளவு ஆசையாக ஒருவர் நினைவுகூர்ந்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஒரு மெயில் வந்தது. அதில் ஒரு வரிக்கு மேல் இருந்தது.

'அக்கா, நீ எழுதின கட்டத்துக்கு உன் குதிரையால போக முடியாது. அவசரத்துல மாத்தி எழுதியிருக்கே போல. பாத்துட்டு மறுபடி அனுப்பு. நான் இருக்கேன்.'

அத்தை அதை ஒருமுறை படித்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிப் படித்தாள்.

"இது எப்போ அத்தை?"

"ரெண்டாவது ஆட்டமோ மூணாவது ஆட்டமோ." அவள் குரல் இறங்கியிருந்தது. "தப்பான கட்டத்த எழுதினா ஆட்டம் போச்சுன்னு ரூல் போட்டிருந்தேன்."

"அதுவும் நீங்கதானா."

"நான்தான். அவ அப்பவே ஆட்டத்த எடுத்துட்டுப் போயிருக்கலாம். எழுத்துல இருக்கே, நான் என்ன சொல்லியிருக்க முடியும். நான் சரியான கட்டத்த எழுதி அனுப்பினேன். தேங்க்ஸ்னு ஒரு வார்த்தைகூட எழுதல." திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத நான் சுத்தமா மறந்தே போயிட்டேன்."

திரையை அவள் பக்கமாக இன்னும் கொஞ்சம் திருப்பி வைத்தேன். எனக்கு வாய் அடங்காது என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்கு அடங்கியது.

அத்தை கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். எண்ணைத் தேடவில்லை. நேராக அழுத்தினாள். போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். தனியாகப் பேசத் தைரியம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

"அக்கா?" என்றது அந்தப் பக்கம். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"ம்."

"உடம்புக்கு ஏதாவது..."

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. கம்ப்யூட்டர்ல எல்லாம் அழிஞ்சுபோச்சு. உன் மெயிலெல்லாம் போச்சு." அத்தை நிறுத்தி மூச்சு வாங்கினாள். "நான் ஒண்ணு கேக்கணும். உன் ராஜாவுக்கு ஜன்னல் இருக்கா?"

செஸ் தெரிந்தவளுக்கு இந்தக் கேள்வி போதும். அக்கா ராணியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள் என்பது அவளுக்கு விளங்கியிருக்கும்.

"இருக்கு அக்கா" என்றாள் சித்தி. "போன வாரம்தான் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினேன். உன் யானை நின்ன நிலைமையப் பாத்து பயம் வந்துடுச்சு."

சித்திக்குச் சாதகமான பதில் எதுவோ, அதுதான் வந்தது. நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். இந்த ஒரு பதிலுக்காகத்தான் அவள் இத்தனை வருஷம் எழுத்தில் ஆடினாள்.

"எங்கிட்ட எல்லா மெயிலும் இருக்கு" என்றாள் சித்தி. "இப்பவே அனுப்பட்டுமா? நீயே பாத்துக்கலாம்."

அத்தை போர்டை மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையில் ராஜா, பக்கத்தில் ஒரு கட்டம் திறந்து. அவளுடைய முதல் வெற்றி அந்தக் கட்டத்தின் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

"வேண்டாம்" என்றாள். "நீ சொன்னா போதும்."

அந்தப் பக்கம் சித்தி அழுவது கேட்டது. அத்தைக்கும் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், மறைப்பானேன். கடைக்குள் நுழைய வந்த ஒரு வாடிக்கையாளர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, தன் லேப்டாப்புக்கும் இதே கதிதான் என்று நினைத்தாரோ என்னவோ, படியிறங்கிப் போய்விட்டார்.

"ஞாயித்துக்கிழமை வேற வேலை இருக்கா உனக்கு?" என்று அத்தை கேட்டாள். அதட்டுகிற குரலில்தான் கேட்டாள். "இல்லைன்னா வா. மிச்ச ஆட்டத்த நேர்ல ஆடிக்கலாம்."

சனிக்கிழமை மதியம் தேடல் முடிந்தது. 'அவள்' ஃபோல்டர் ஓரிரு ஓட்டைகளைத் தவிர முழுசாகக் கிடைத்தது. லாண்டரிக் கேமரா அதன் பக்கம் வந்து சேர்வதற்குள் நாங்கள் முந்திக்கொண்டுவிட்டோம். வீட்டுக்குப் போய் அத்தையின் மெஷினில் சேர்த்தேன். முதலில் ஃபோல்டர் வெறுமையாகக் காட்டியது. மெயில் புரோகிராம் பழைய அட்டவணையையே பார்த்துக்கொண்டு ஒன்றும் இல்லை என்று சாதித்தது. அட்டவணையை அழித்துவிட்டு, சரக்கைப் பார்த்துப் புதிதாக எழுதச் சொன்னேன். மெயில்கள் எல்லாம், படிக்காதவை என்ற குறியோடு, மளமளவென்று வந்து நிரம்பின.

"வந்துடுச்சு அத்தை. கடைசி மெயில் வரைக்கும் இருக்கு. போன வாரத்தது மேலயே நிக்குது, திறக்கட்டுமா?"

"திறக்காத."

"ஒரு தட்டுதான்."

"அவதான் சொல்லிட்டாளே" என்றாள். அப்புறம் என் தோளுக்குப் பின்னால் நின்றபடியே சொன்னாள். "இத குப்பையிலேருந்து எடுத்துக் காப்பகத்துல போடு. பல் டாக்டருக்கு மேல."

"குப்பைக்குத்தான் போகணும்னு சொன்ன சொல் என்ன ஆகறது?"

"குப்பைக்குப் போச்சு. அங்கேயே இருக்கணும்னு நான் சொன்னேனா?"

மாற்றினேன். பெயரையும் மாற்றவா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தானே கீபோர்டை இழுத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, 'தங்கச்சி' என்று அடித்தாள். அடித்து முடித்ததும் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவள் மாதிரி விருட்டென்று எழுந்து போனாள்.

நான் அத்தை இல்லை. அவள் அந்தப் பக்கம் போனதும் மேலே இருந்த மெயிலைத் திறந்து பார்த்தேன். ஓரத்துச் சிப்பாய், ஒரு கட்டம். மூடிவிட்டு, படிக்காத மெயில் என்று மறுபடி குறியும் போட்டுவைத்தேன். இதை அவளிடம் இன்று வரை சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சித்தி வந்தாள். கல்யாண போட்டோவில் பார்த்ததைவிட இளைத்திருந்தாள். கதவைத் திறந்த என் கணவர், ஆளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னடா, வழிய விடேன்" என்று அத்தை உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். எனக்கு எதுவும் தெரியாது என்கிற முகத்தை வைத்துக்கொண்டு நான் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு ராத்திரி நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும் என்று புரிந்தது. சித்தியின் பையை வாங்கி வைத்த கையோடு, சாப்பிட ஏதாவது வாங்கி வருகிறேன் என்று அவர் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்.

அக்காவும் தங்கையும் கூடத்து மேஜையில் போர்டை விரித்து, விட்ட இடத்திலிருந்து காய்களை வைத்தார்கள். ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னால் வைத்தது அத்தைதான். ராணியைப் பலி கொடுக்காமல் வேறொன்றை நகர்த்தினாள். சித்தி ஒன்று, அத்தை ஒன்று. அத்தையின் கால் மேஜைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தது. சந்தோஷமாக இருந்தால் அவளுக்கு அப்படி ஆடும். ஆட்டம் இழுபறியாகப் போனது. இரண்டு பக்கமும் காய்கள் கோத்துக்கொண்டு, ஒரு கட்டம் மாறினாலும் தலைகீழாகிவிடும் என்கிற இடத்துக்கு வந்தது. யோசிக்க வேண்டியது அத்தை.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"டீ போட்டு எடுத்துட்டு வரேன்."

சித்தி சட்டென்று தலையைத் தூக்கினாள். அவள் கைகள் மேஜையிலிருந்து மடிக்கு இறங்கின.

"நீங்க உக்காருங்க அத்தை, நான் போடறேன்" என்று நான் பாதி எழுந்துவிட்டேன்.

"நீயும் வா" என்றாள் அத்தை. "சர்க்கரை டப்பா எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. வந்து எடுத்துக் குடு."

அந்தச் சமையலறையில் ஒரு ஸ்பூன் இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுகிறவள். சர்க்கரை டப்பா அடுப்புக்கு மேலே, கண்ணெதிரே, என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதே தட்டில்தான் இருக்கிறது. நான் அவள் பின்னால் போனேன். உள்ளே வந்ததும், போர்டோடு சித்தி தனியாக இருந்த கூடத்துக்கு அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, பாலை அடுப்பில் வைத்து, தீயைக் குறைத்தாள்.